அடித்தல் திருத்தல்

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி எப்போது வரும் என்று கர்னல் வாரம் முழுக்கக் காத்திருப்பார். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சுவர்க் கடிகாரத்தை அவர் பார்க்கிற பார்வையில் தெரிந்துவிடும்.

பள்ளியின் நூற்றிருபது பையன்களும் ஞாயிறு காலை பத்திலிருந்து பதினொன்று வரை சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். எழுதியதை உறைக்குள் வைக்கலாம், ஒட்டக் கூடாது. கட்டுக் கட்டாக அவர் மேஜைக்கு வரும். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இடது பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, படித்து, ஒட்டி, வலது பக்கம் அடுக்குவார். கர்னல் கேட்டுக்கொண்டதற்காக ஞாயிற்றிலும் வருகிற தபால்காரர் நாலரைக்கு வந்து சைக்கிள் மணி அடிக்கும்போது கடைசி உறையின் பசை காய்ந்திருக்கும்.

இது பட்டாளத்துப் பழக்கம். போர்க்காலத்தில் மூன்று வருஷம் அவர் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்தவர். ஊர்ப் பெயர், பாலத்தின் பெயர், ரயில் புறப்படும் நேரம், எது கண்ணில் பட்டாலும் பட்டை நிப்பால் கறுப்பு மையை இழுத்துவிட வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் ஒரு எழுத்து தெரியக் கூடாது. அதே சமயம் தேவைக்கு மேல் ஒரு எழுத்தையும் அடிக்கக் கூடாது. அடித்தால் மேலதிகாரியிடம் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நிப்பும் மைக்கூடும் இன்னும் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தன. முதல் பள்ளியைத் தொடங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒரு நாளும் அவர் அவற்றைத் தொட்டதில்லை. பையன்கள் கடிதத்தில் என்ன ராணுவ ரகசியம் இருந்துவிடப் போகிறது?

அவர் படித்தது வேறு எதற்காகவோ. தன்னைப் பற்றி ஒருவனாவது ஒரு வரி எழுதியிருக்கிறானா என்று பார்க்க.

முன்பெல்லாம் எழுதினார்கள். ‘கர்னல் இன்னைக்கு எங்களோட ஓடினார்’ என்று ஒருவன். ‘கர்னல் மீசை முறுக்கினா கோபம்னு அர்த்தம், நீவினா லீவுன்னு அர்த்தம்’ என்று இன்னொருவன். அந்த மாதிரி ஒரு வரி கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவர் மனைவிக்குச் சிரமம் இல்லை. சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிடுவார்.

பதினேழு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தபோது அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. கைநாட்டு வைத்துத்தான் சேர்ந்தார். கூடாரத்தில் பக்கத்துப் படுக்கைக்காரன் ராணுவப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவன். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இங்கே ஓடை, இங்கே மேடு என்று கண்ணால் பார்த்தவன் மாதிரி சொல்வான். துப்பாக்கி பிடித்தால் அவனுக்குக் கை நடுங்கும். இருந்தாலும் ஒன்பதே மாதத்தில் அவன் அதிகாரி ஆகிவிட்டான். கைநாட்டுக்காரர் அவனுடைய பூட்ஸுக்கு மெருகு போட்டார். அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல்தான் அவரை உருவாக்கியது. காலில் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டார். முப்பதில் சார்ஜென்ட், நாற்பதில் அதிகாரி, ஐம்பத்திரண்டில் கர்னல். ஓய்வு பெற்ற மறு மாதமே, பூட்டிக் கிடந்த கயிற்றுக் கிடங்கு ஒன்றைக் கூட்டிப் பெருக்கி, படிக்க வழியில்லாத வீட்டுப் பையன்களுக்கு முதல் ராணுவப் பள்ளியைத் தொடங்கினார். ஆறு வருஷத்தில் இரண்டாவது. இப்போது அவர் குடியிருப்பது மூன்றாவதில்.

மேடையில் கேட்டால் எல்லாம் நாட்டுக்காக என்பார். அவர் மனைவியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

“பொறாமையில அடுத்தவன் வீட்டுக் கண்ணாடிய உடைச்சவங்களப் பாத்திருக்கேன். பள்ளிக்கூடம் கட்டினவர் நீங்க ஒருத்தர்தான்.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, தையல்காரர் வருகிற வரைக்கும்.

தையல்காரரை அழைத்து வந்ததே கர்னல்தான். அந்த ஆள் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தும் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. முகாமுக்குப் பின்னால் ஒரு கூடாரத்தில் தையல் மெஷினோடு உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் பதவிப் பட்டை தைத்துக் கொடுத்தவர். கர்னலின் தோளில் ஒவ்வொரு நட்சத்திரமாக ஏற்றித் தைத்த கை அவருடையது. ஓய்வுக்குப் பிறகு வேலை தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, பாவம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். பரேட் மைதானத்தை ஒட்டிய மூலை அறை, ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, பையன்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு.

தையல்காரரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பையனையும் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி டேப்பால் அளந்து, நீளமான நோட்டில் பெயருக்கு நேரே குறித்துக்கொள்வார். அடுத்த சட்டைக்குத் துணி எவ்வளவு விட வேண்டும் என்று தெரியத்தான். ஆனால் அளந்ததைப் பையனிடம் சொல்லிவிடுவார். “அரை அங்குலம். கைய நீட்டு, பாப்போம். ஆமா, கை முந்திக்கிச்சு, கால் பின்னால வரும்.” சொல்லிவிட்டு வாயில் இருக்கிற குண்டூசியைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த ஆள் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கடிதங்களில் கர்னல் மெல்ல மெல்லக் காணாமல் போனார்.

கர்னல் எதையும் கணக்காகச் செய்கிறவர். இழுப்பறையில் சின்ன நோட்டு ஒன்று போட்டார். இடது பக்கம் ‘நான்’, வலது பக்கம் டெய்லருக்கு ‘டெ’. ஒவ்வொரு ஞாயிறும் யார் பெயர் எத்தனை கடிதத்தில் வந்தது என்று கோடு போட்டுக்கொண்டே போனார். ஒரு மாதத்தில் இடது பக்கத்தில் மூன்று கோடு, அதிலும் ஒன்று ‘கர்னலுக்கு ஜலதோஷம்’. வலது பக்கத்தில் கோடு போட இடமில்லாமல் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

அடுத்த நாள் ஏதோ சாக்கில் மூலை அறைக்குப் போனார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் விறைத்து நின்றார்கள். அறைக்குள் தையல் மெஷினின் கடகடப்பு மட்டும் கேட்டது. இவர்களுக்குச் சோறு போட்டு, கட்டில் போட்டு, கூரை போட்டது யார்? அதைத்தான் கேட்க நினைத்தார். வாய் வேறு எதையோ கேட்டது.

“யோவ், என்னய்யா பட்டன் தைக்கிற நீ? வாரத்துக்கு முப்பது பட்டன் உதிருதாம். முன்ன இருந்தவன் காலத்துல மாசத்துக்கு அஞ்சு உதிராது.”

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். “பாத்துக்கறேன் ஐயா. நூல மாத்திப் பாக்கறேன்.”

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நேராகப் பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. ஒருவன் எழுதியிருந்தான்: ‘கர்னல் எங்களுக்குப் போர்க் கதை சொன்னார். டெய்லர் மாமா சொல்ற கதைதான் நல்லா இருக்கும். அதுல யாரும் சாக மாட்டாங்க.’

கர்னல் அதை மூன்று தடவை படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து நிப்பை எடுத்துத் துடைத்தார். மை கெட்டியாகிப் போயிருந்தது. நாலு சொட்டு தண்ணீர் விட்டுக் கலக்கினார். கை மறக்கவில்லை. ‘டெய்லர்’ என்ற சொல்லிலிருந்து ‘மாட்டாங்க’ வரைக்கும் ஒரே இழுப்பு. ‘கர்னல் எங்களுக்குப் போர்க் கதை சொன்னார்’ என்பது மட்டும் அழகாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க மனசுக்கு இதமாக இருந்தது. ஒட்டி வலது பக்கம் வைத்தார்.

ஒன்றைத் தொட்ட பிறகு இன்னொன்றை விட முடியுமா? அடுத்த ஞாயிறு நாலு, அதற்கடுத்தது ஒன்பது. ஆனால் பழைய விதியை அவர் மீறவில்லை. தேவைக்கு மேல் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. அந்த ஆளுக்குப் பெருமை சேர்க்கிற வரிகளை மட்டும் அடித்தார். ‘டெய்லர் ரூமுக்குப் போனேன்’ என்றால் அது செய்தி, அதை விட்டார். ‘அவர மாதிரி யாரும் இல்ல’ என்றால் மை. ஆறு ஞாயிற்றில் முப்பத்தேழு கடிதம் ஆயிற்று.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை, ரொட்டிக் கடைக்காரி வந்தாள்.

அவள் மகன்தான் பள்ளியிலேயே குட்டையான பையன். தலைமை ஆசிரியர் அறைக்கு வந்து, கையில் மாவு ஒட்டியிருந்ததையும் பார்க்காமல், நாலாக மடித்த கடிதத்தை மேஜையில் விரித்தாள். தலைமை ஆசிரியர் முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். வம்பு என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். அவர் கர்னலையும் கூப்பிட்டு அனுப்பினார். கர்னல் வந்து, சுவரில் தொங்கிய தன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்தார்.

கடிதத்தில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெய்லர் ரூமுக்குப் போனேன்.’ அப்புறம் இரண்டு வரி கறுப்பு. ‘நான் அழுதேன்.’ மறுபடி மூன்று வரி கறுப்பு. ‘இப்ப வலிக்கல. யாரும் கவலப்பட வேண்டாம்.’

தலைமை ஆசிரியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கர்னலைப் பார்த்தார்.

அவள் அழவில்லை. நாலு நாளாகக் கடையில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று மட்டும் சொன்னாள். ‘கவலப்பட வேண்டாம்’ என்று இருந்ததால், போன மாதம் கடிதம் வந்தபோது விட்டுவிட்டாளாம். இப்போது ரொட்டி வாங்க வந்த பஸ் டிரைவர் ஒருவர் வீட்டுக்கும் இதே மாதிரி கடிதம் வந்திருக்கிறதாம், டிரைவர் சொல்லி இன்னும் ஆறு வீட்டில் தெரியவந்ததாம். எல்லாக் கடிதத்திலும் டெய்லர், டெய்லரை ஒட்டிக் கறுப்பு. சற்று முன்னால் மகனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாளாம். அவனுக்குப் போன மாதம் எழுதியது ஞாபகம் இல்லை. டெய்லர் மாமா நல்லவர்மா என்று மட்டும் சொல்லிவிட்டு விறைப்பாக நின்றானாம்.

“சொல்லிக் குடுத்துச் சொல்ற மாதிரி இருந்துச்சுங்க” என்றாள். பிறகு கர்னல் பக்கம் திரும்பினாள். “அந்த டெய்லர் என் புள்ளைய அடிச்சாரா? உள்ள என்ன எழுதியிருந்துச்சு? நீங்கதான படிச்சீங்க?”

கர்னலுக்கு உள்ளே என்ன எழுதியிருந்தது என்று ஒரு எழுத்து விடாமல் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால், அடுத்த கேள்வி என்ன என்பதும் தெரியும்.

“அது பாதுகாப்பு விதிம்மா. வெளிய சொல்றதுக்கில்ல” என்றார்.

அதைச் சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அவள் சனிக்கிழமை மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வருவதாகவும், பதில் வராவிட்டால் அன்றைக்கே மகனை அழைத்துப் போய்விடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள். மேஜைக் கண்ணாடியில் மாவுக் கையின் தடம் இருந்தது.

தலைமை ஆசிரியர் கதவைச் சாத்தினார். அவருக்குக் கணக்கு எளிதாக வந்தது. கர்னல் மை பூசியிருக்கிறார் என்றால் உள்ளே சொல்ல முடியாத ஏதோ இருந்திருக்கிறது. பள்ளியின் பெயர் கெடக் கூடாது என்று மறைத்திருக்கிறார். நல்ல மனசு. ஆனால் இனி மறைக்க முடியாது. தையல்காரரைச் சத்தம் போடாமல் அனுப்பிவிடலாம், சனிக்கிழமை பெற்றோரிடம் ஆளை நீக்கிவிட்டோம் என்று சொல்லிவிடலாம், மூன்று பள்ளியும் தப்பிக்கும். கர்னல் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

கர்னல் மீசையை முறுக்கவும் இல்லை, நீவவும் இல்லை. எழுந்து போய்விட்டார். அதையே சம்மதமாகத் தலைமை ஆசிரியர் எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், செவ்வாய்க்கிழமை முழுக்கக் கர்னலுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சிதான். தானாக ஒன்றும் செய்யவில்லை. யார் மேலும் பழி சொல்லவில்லை. பேசாமல் இருந்தாலே போதும், மூலை அறை காலியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் தன்னுடையதாகிவிடும். புதன்கிழமை அந்தக் குளிர்ச்சி இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் தையல்காரர் அவரைத் தேடிவந்தார்.

கழுத்தில் டேப் இல்லை. மணிக்கட்டில் எப்போதும் கட்டியிருக்கும் ஊசி மெத்தை இல்லை. அவை இல்லாமல் பார்க்க ஆள் பாதியாகத் தெரிந்தார். கையில் அந்த நீள நோட்டு மட்டும் இருந்தது.

“சனிக்கிழமையோட போகச் சொல்லிட்டாங்க ஐயா. போயிடறேன். இதுல பசங்க அளவு எல்லாம் இருக்கு, அடுத்து வர்றவருக்கு ஆகும்.” நோட்டை மேஜையின் ஓரத்தில் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். “நான் என்ன தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லிடுங்க ஐயா. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. தெரிஞ்சா, போற எடத்துல அதப் பண்ணாம இருப்பேன்.”

கர்னல் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தையல்காரர் பழைய பழக்கத்தில் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

நோட்டைப் பிரித்துப் பார்த்தார் கர்னல். நூற்றிருபது பெயர். ஒவ்வொன்றுக்கும் நேரே எட்டு எட்டு அளவு. பக்கவாட்டில் பென்சிலில் பொடி எழுத்தில் குறிப்புகள்: ‘இடது தோள் சற்று இறக்கம், கேலி பண்ண விடக் கூடாது.’ ‘பூட்ஸ் கடிக்கிறது, சொல்ல மாட்டான், நாமே பார்க்க வேண்டும்.’ ‘கால்சட்டை இறக்கிவிட்ட தடம் தெரியாமல் மடிக்கவும், வெட்கப்படுகிறான்.’ படிக்கப் படிக்க வயிற்றெரிச்சல் தணியவில்லை. கூடியது. இதையெல்லாம் நானல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

“என்னங்க, அந்த இழுப்பறைய நேத்துப் பூட்டாமப் போயிட்டீங்க.”

அவர் நின்றார்.

“நோட்டப் பாத்தேன். நான், டெ. கோடு கோடாப் போட்டு வெச்சிருக்கீங்க, கிரிக்கெட் ஆட்டம் மாதிரி.” ஒரு சட்டையை மடித்து வைத்தாள். “மைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.”

“ஒனக்குப் புரியாது.”

“எனக்கா புரியாது? பட்டாளம் ஒண்ணு, பள்ளிக்கூடம் மூணுன்னு நாலு சக்களத்தியோட குடும்பம் நடத்தினவ நான். ஒங்களப் பாக்க முன் அறையில நானும் வரிசையில நின்னிருக்கேன். ஒரு நாளாவது ஒங்க பசங்க சோத்துல மண்ணப் போட்டிருப்பேனா?”

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் துணியை விட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரன் மேல பொறாமைப்பட்டப்ப எழுதக் கத்துக்கிட்டீங்க. இந்த மனுஷன் மேல பட்டதுக்கு அழிக்கத்தான் தோணுச்சா?”

சனிக்கிழமை காலை சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சுகளில் நாற்பது பெற்றோர் இருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரி முன் வரிசை. பக்கத்தில் பஸ் டிரைவர், சீருடையோடு வந்திருந்தார். பலர் கையில் மடித்த காகிதம். வாசல் ஓரமாகத் தையல்காரர் ஒரு பெட்டியோடு நின்றார். கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். பெற்றோரில் ஒருவரும் அந்தப் பக்கம் உட்காரவில்லை. இரண்டு பெஞ்சு காலியாகக் கிடந்தது.

தலைமை ஆசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வருந்தத்தக்க சில காரணங்களால் என்று தொடங்கினார். கர்னல் எழுந்து அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். தோளில் நட்சத்திரங்களோடு சீருடையில் வந்திருந்தார். அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை, ஏதாவது ஒன்று தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“அம்மா, ஒங்க கடுதாசியப் படிங்க. கறுப்பு வந்தா நிறுத்துங்க.”

ரொட்டிக் கடைக்காரி சந்தேகத்தோடு எழுந்தாள். “‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெய்லர் ரூமுக்குப் போனேன்.’ இங்க கறுப்பு.”

கர்னல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அணிவகுப்பில் கட்டளை படிக்கிற குரலில் சொன்னார்: “‘டெய்லர் மாமா டேப் வெச்சு அளந்தார். முக்கால் அங்குலம் வளந்துட்டேனாம். இனிமே ஒங்கம்மா ஒன்னப் பாத்தா வேற யாரோன்னு நெனச்சு கதவத் தெறக்க மாட்டாங்கன்னார்.’ படிங்க.”

அவள் குரல் இறங்கியது. “‘நான் அழுதேன்.’ கறுப்பு.”

“‘அவரும் எங்க வயசுல வீட்ட விட்டு வந்தப்ப அழுதாராம். என் பூட்ஸ் காலக் கடிக்குதுன்னு நான் சொல்லவே இல்ல, அவரே பாத்துட்டார். உள்ள கம்பளித் துணி வெச்சுத் தச்சுக் குடுத்தார். அவர மாதிரி யாரும் இல்ல.’”

“‘இப்ப வலிக்கல’” என்று அவள் முடித்தாள். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். “முக்கால் அங்குலமா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

டிரைவர் எழுந்து தன் காகிதத்தை நீட்டினார். கர்னல் அதை வாங்கவில்லை. அவர் மகன் பெயரைக் கேட்டார், தேதியைக் கேட்டார், சொன்னார்: “‘எங்கப்பா பஸ் ஓட்டறார்னு சொன்னேன். ஸ்டியரிங் திருப்பித் திருப்பித் தோள்பட்டைகிட்ட துணி தேயும், அப்பா சட்டையக் குடுத்து விடச் சொல்லு, ஒட்டுத் தெரியாமத் தச்சுத் தரேன்னார் டெய்லர் மாமா.’”

டிரைவரின் கை தானாகத் தோளுக்குப் போய், அங்கே நைந்திருந்த இடத்தை மூடியது.

அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முப்பத்தேழு கடிதத்தில் அன்றைக்கு வந்திருந்தது இருபத்தாறு. ஒன்றையும் அவர் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. காதலித்தவர்கள்கூட ஒரு கடிதத்தை இப்படி மனப்பாடம் செய்திருக்க மாட்டார்கள். கதையில் யாரும் சாக மாட்டார்கள் என்கிற வரியையும் சொன்னார், அதற்கு முன்னால் தன் பெயர் வருகிற வரியோடு சேர்த்தே. வாசல் ஓரத்தில் தையல்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் ரொட்டிக் கடைக்காரிதான் கேட்டாள். அவளுக்குத்தான் உரிமை இருந்தது.

“எல்லாம் நல்லதாத்தான எழுதியிருக்கு. அப்ப எதுக்கு அடிச்சீங்க?”

“நீங்க அன்னைக்கு, டெய்லர் அடிச்சாரான்னு கேட்டீங்க. டெய்லர் அடிக்கல. அடிச்சது நான். ஒவ்வொரு வரியா அடிச்சேன்.” கர்னல் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அந்த எடத்துல என் பேரு இருக்கணும்னு ஆசைம்மா. வேற ஒண்ணுமில்ல.”

தலைமை ஆசிரியர் தன் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். பின் வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றினார். ரொட்டிக் கடைக்காரி சிரிக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். புள்ள ஓடி வந்து எங்கிட்ட மொதல்ல பேசினா ரெண்டு நாள் மொகத்தத் தூக்கி வெச்சுக்குவார். அது சரி, வீட்டுக்குள்ள. நீங்க செஞ்சதுல ஒரு வாரமா என் கண்ணுல தூக்கம் இல்ல. இந்த மனுஷன் பொட்டியத் தூக்கிட்டு நிக்கறார்.” மூச்சு வாங்கினாள். “இனிமே எங்க கடுதாசிய நீங்க படிக்கக் கூடாது. ஒட்டித்தான் வரணும்.”

எல்லோரும் அதையே சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. அன்றைக்கு ஒருவரும் மகனை அழைத்துப் போகவில்லை. வெளியே போகும்போது டிரைவர் தையல்காரரிடம் நின்று, சட்டையைக் கழற்றிக் கொடுக்கவா, இல்லை அடுத்த வாரம் கொண்டுவரவா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கர்னல் அவர்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. நின்றார்.

“தப்பு என்னன்னு கேட்டியே” என்றார்.

“கேட்டேன் ஐயா.”

“போற எடத்துல பண்ணாம இருப்பேன்னியே. இங்கயே இருந்து பண்ணு.”

தையல்காரர் சரி ஐயா என்றார். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

மறுநாள் இரண்டு மணிக்குக் கடிதங்கள் வந்தன. நூற்றிருபது உறை, எல்லாம் ஒட்டியவை. கர்னல் வழக்கம் போலக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படிக்க ஒன்றும் இல்லை. இடது பக்கத்திலிருந்து எடுத்து வலது பக்கம் வைத்தார். இரண்டரைக்குள் முடிந்துவிட்டது. நேற்று நடந்தது பற்றி எழுதியிருப்பார்கள், நூற்றிருபதிலும் எழுதியிருப்பார்கள், கர்னல் கர்னல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். கடைசியில் அவர் பெயர் வந்த வாரத்தில் அவரால் பார்க்க முடியவில்லை. மேல் உறையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பாதி தூக்கினார். மனைவி கதவருகில் நின்று கனைத்தாள். கீழே வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மூலை அறைக்குப் போனார். சீருடையின் மூன்றாவது பட்டன் இல்லை; அது அவர் கைக்குள் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள் விறைத்து எழுந்தார்கள். உட்காரச் சொன்னார், ஒருவரும் உட்காரவில்லை.

தையல்காரர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். “கர்னலய்யா பட்டனுக்கு வந்திருக்கார். வரிசையில கடைசி. எல்லாரும் தள்ளி உக்காருங்க.”

தள்ளி உட்கார்ந்தார்கள். கர்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் ஏழு பேர். முதலில் சுவர் மாதிரி இருந்தார்கள். மூன்றாவது ஆள் நகர்ந்தபோது யாரோ யாரையோ கிள்ளினார்கள். ஐந்தாவது ஆள் தன் தங்கைக்குப் பல் விழுந்த கதையைத் தையல்காரரிடம் ஆரம்பித்து, கர்னலைப் பார்த்து நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்கும் கேட்டது.

அவர் முறை வந்தது. பையன்கள் போய்விட்டார்கள். தையல்காரர் சட்டையைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி, கிட்டே வந்து நூல் நுனியைப் பார்த்தார். பழைய நாளில் நட்சத்திரம் தைத்த அதே தூரம், அதே மூச்சு.

“பிளேடால அறுத்திருக்கு” என்றார்.

கர்னல் சுவரைப் பார்த்தார்.

தையல்காரர் மெஷினுக்குக் கீழேயிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். பாதிக்கு மேல் பட்டன்கள். ஒவ்வொன்றின் துளையிலும் நுனி நேராக வெட்டுப்பட்ட நூல் துணுக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

“என் நூல் நல்ல நூல்தான் ஐயா. வாரத்துக்கு முப்பதும் இப்படித்தான் உதிருது.”

கர்னல் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் மேஜைக்கு முன்னால் வந்து நிற்க ஒரு பையனாவது ஒரு பட்டனையாவது அறுத்திருப்பானா என்று யோசித்தார். பழைய எரிச்சல் மெல்லத் தலையைத் தூக்கியது. தையல்காரர் ஊசியில் நூல் கோத்து, நாலு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, குனிந்து பல்லால் கடித்து அறுத்தார். ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எந்தப் பட்டன் ஐயா?”